தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்பு மூன்றும் மூன்றே வாரத்தில்: இனிப்பு நீர் (நீரிழிவு) நோயாளிகளை எப்படித் தயார்செய்வது?

ஜெலுத்தோங்_மிஸ்ஸி கேட்டது:

வணக்கம். பினாங்கில் ஒரு தனியார் கிளினிக்கில் இனிப்பு நீர் நோயாளிகளுக்கு மருந்து, ஊசி, சாப்பாடு பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. 2026இல் பிப்ரவரி 1 தைப்பூசம், 17 சீனப் புத்தாண்டு, 19 வாக்கில் நோன்பு (பிறை பார்த்த பிறகுதான் உறுதி). மூன்று வாரத்துக்குள் வருகிறவர்களில் பாதிப் பேரின் சாப்பாட்டு நேரம் தலைகீழாக மாறிவிடும்.

வருகிறவர்கள் தமிழர், மலாய்க்காரர், ஹொக்கியன் பேசும் சீனப் பெரியவர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேப்பாளி, வங்காளதேசி, மியன்மார் தொழிலாளர்கள். எங்கள் பதிவுப் படிவத்தில் இனம், மதம் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. அதை வைத்து ஆளுக்கேற்ற தாள் ஒன்று கொடுக்கலாமா? மாத்திரை, ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது? தொழிலாளரோடு மேற்பார்வையாளரே மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? சீன மருந்து, நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் எப்படிக் கேட்பது?

செந்தூல்_மருந்தாளர்:

மிஸ்ஸி, முதலில் மதக் கட்டத்தை வைத்துத் தாள் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பினாங்கில் வீட்டில் தமிழ் பேசுகிறவர் நோன்பு பிடிக்கும் தமிழ் முஸ்லிமாக இருப்பது சர்வ சாதாரணம். கிறிஸ்தவத் தமிழர் தவக்காலத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவார். அதுவும் பிப்ரவரி 18 அன்றே தொடங்குகிறது. நோன்பும் ரமலானோடு முடிவதில்லை. மாதவிடாயில் விட்ட நாள்களைப் பெண்கள் பிறகு பிடித்துத் தீர்ப்பார்கள், ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் ஆறு நாள் உண்டு, திங்கள் வியாழன் பிடிப்பவர்களும் உண்டு. பெருநாள் முடிந்ததும் மாத்திரையைப் பழைய நேரத்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு, ஷவ்வால் நோன்பு நாளில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த பிறகு காரணம் தேடுவது இதனால்தான்.

எல்லோரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "அடுத்த மூணு மாசத்துல சாப்பாட்டு நேரம் மாறுற நாள் இருக்கா? அன்னைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, தண்ணி குடிப்பீங்களா?" மதத்தைக் கேட்கவே தேவையில்லை, வேண்டிய பதில் முழுதும் வந்துவிடும்.

நோன்புக்கு வருகிறேன். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே பேச வேண்டும், அதாவது டிசம்பர் கடைசியிலேயே. நம் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் அளவு பெரிதாக மாறாது. காலை ஆறேகால் வாக்கிலிருந்து இரவு ஏழரை வரை, 13 மணி நேரத்துக்குச் சற்று மேல் வெறும் வயிறு.

கீழே உள்ளவை அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பின் நோன்பு வழிகாட்டியை ஒட்டியவை. தொடக்க அளவுதான், டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே நோயாளி கைக்குப் போக வேண்டும்.

மெட்ஃபோர்மின் இரண்டு வேளை என்றால் அளவு மாறாது, நோன்பு திறக்கும்போது ஒன்று, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரத்தில் ஒன்று. மூன்று வேளை 500 மில்லிகிராம் எடுப்பவர், மதிய வேளையை நோன்பு திறப்போடு சேர்த்து 1,000, சஹருக்கு 500.

கிளிக்லசைட் காலை ஒருவேளை மட்டும் எடுப்பவருக்கு அது நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போகும். 80 மில்லிகிராம் இரண்டு வேளை என்றால் திறப்புக்கு 80, சஹருக்கு 40. பகலில் சர்க்கரையை இறக்குவது சஹர் மாத்திரைதான், குறைக்க வேண்டியது அதை. கிளிபென்கிளமைட் இன்னும் சாப்பிடுகிறவர் இருந்தால் நோன்புக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். அதன் வேலை நீண்ட நேரம் ஓடும். வயதானவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் பிற்பகலில் ஆபத்து.

கலப்பு இன்சுலின் இரண்டு வேளை போடுபவருக்கு, வழக்கமான காலை அளவு நோன்பு திறப்புக்கு அப்படியே போகும். வழக்கமான இரவு அளவைக் கால்பங்கிலிருந்து பாதிவரை குறைத்துச் சஹருக்கு. காலை 30, இரவு 20 யூனிட் என்றால் திறப்புக்கு 30, சஹருக்கு 10 முதல் 15. ஒருவேளை மட்டும் போடும் நீண்ட நேர இன்சுலின் திறப்பு நேரத்துக்கு, 15 முதல் 30 விழுக்காடு குறைத்து.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அளவு அல்ல. "பகல்ல சாப்பிடல, அதனால மருந்தும் வேண்டாம்" என்று முழுக்க நிறுத்துவார்கள். அல்லது நாள் முழுவதுக்குமான மாத்திரையை நோன்பு திறக்கும்போது ஒன்றாக விழுங்குவார்கள். அல்லது சஹருக்கு எழாமல் இரவு பதினொன்றுக்கே சாப்பிட்டுப் படுத்துவிட்டு ஊசியை மட்டும் விடியலில் போடுவார்கள். சஹரைத் தவிர்ப்பீர்களா என்று தனியாகக் கேளுங்கள். ஆம் என்றால் மேலே சொன்ன கணக்கு செல்லாது, டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது. இதைச் சொல்லாவிட்டால் முப்பது நாளும் யாரும் பார்க்க மாட்டார்கள். நண்பகல், பிற்பகல், திறப்புக்கு முன், திறந்து இரண்டு மணி நேரம் கழித்து, எப்போது உடம்பு சரியில்லாமல் தோன்றினாலும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே அல்லது 16.6க்கு மேலே போனால் அந்த நிமிடமே நோன்பை முறிக்க வேண்டும், மணி ஏழாக இருந்தாலும். தாழ்ந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். தே தாரிக், மைலோ வேண்டாம். பாலின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

பேரீச்சம்பழத்தில் அளவைச் சொல்லுங்கள். பெரிய மெட்ஜூல் ஒன்றில் ஏறக்குறைய 18 கிராம் மாவுச்சத்து. சின்னப் பழத்தில் ஐந்தாறு கிராம்தான். "மூணு பழம்" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவருக்கு 18 கிராம், இன்னொருவருக்கு 54.

டாக்டர்_பிரிக்பீல்ட்ஸ்:

மருந்தாளர் சொன்னதோடு மூன்று திருத்தம்.

ஒன்று, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருப்பவருக்கு மெட்ஃபோர்மின் நேரத்தை மாற்றிப் பயனில்லை, நிறுத்த வேண்டும். கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது என்று பார்க்காமல் தாளைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை. நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாகத் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே எடுப்பவர் திறப்பு நேரத்தில் எடுத்து, இரவில் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். சாப்பிடாமல், தண்ணீரும் குறைந்து, வாந்தியும் வயிற்று வலியும் மூச்சு வாங்கலும் வந்தால் விரலில் சர்க்கரை 9, 10 என்று காட்டினாலும் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருக்கலாம். மீட்டரைப் பார்த்து "நல்லாதான் இருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது உயிருக்கு ஆபத்து. இது தைப்பூச விரதத்துக்கும் பொருந்தும்.

மூன்று, சிலரிடம் நோன்பு ஆபத்து என்று நேராகச் சொல்லியே ஆக வேண்டும்: முதல் வகை நீரிழிவு, இன்சுலின் போடும் கர்ப்பிணி, கடந்த மூன்று மாதத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியவர், இறங்குவது உடம்புக்கே தெரியாதவர், டயாலிசிஸ் செய்பவர். ஆனால் "நீங்கள் பிடிக்கக் கூடாது" என்ற தீர்ப்பு நம் வாயிலிருந்து வர வேண்டாம். ஆபத்தை எண்ணோடு எழுதிக் கொடுத்து, அதை இமாமிடம் காட்டச் சொல்லுங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, ஃபித்யா (ஈடாக ஏழைக்கு உணவளிப்பது) உண்டு. அந்த வழியை மதிப்போடு எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள். அதையும் மீறிப் பிடித்தால் கோபப்பட்டு விலக்கி வைக்காமல் பரிசோதனை நாள்களைக் கூட்டுங்கள். மறைத்துப் பிடிப்பவரைவிடச் சொல்லிவிட்டுப் பிடிப்பவரைக் காப்பாற்றுவது எளிது.

பத்துமலை_பாதம்:

நோன்பைப் பற்றி எழுத வழிகாட்டிகள் நிறைய உண்டு, நம் விரதத்துக்கு மிகக் குறைவு. அதனால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

"விரதமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார்கள், அத்தோடு முடிந்துவிடும். ஒருவருக்கு விரதம் என்றால் 48 நாள் சைவம், மூன்று வேளையும் சோறு உண்டு. இன்னொருவருக்கு மாலை ஒரு வேளை மட்டும். வேறொருவருக்குப் பாலும் பழமும். சஷ்டிக்கு ஆறு நாள் மிளகும் தண்ணீருமாக இருப்பவரும் உண்டு. முதல் ஆளுக்கு மாத்திரையில் எதையும் தொட வேண்டியதில்லை. கடைசி ஆளுக்குக் கிளிக்லசைட் கொடுத்தால் மயங்கி விழுவார். ஒரே வேளை சாப்பிடுகிறவர் கிளிக்லசைட்டை அந்த வேளையோடு மட்டும் எடுக்க வேண்டும், எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

சைவத்துக்கு மாறினால் சர்க்கரை இறங்கும் என்ற நம்பிக்கையையும் கவனியுங்கள். கோழியும் மீனும் போன இடத்தில் சோறும் உருளைக்கிழங்கும் சர்க்கரை போட்ட பாலும் ஏறிக்கொள்கிறது. சாம்பாரைக் கெட்டிப் பருப்பாக வைக்கச் சொல்லுங்கள், தவ்வு, தெம்பே போன்ற சோயா உணவு, சுண்டல் சேர்க்கச் சொல்லுங்கள், சோற்றை ஒரு கரண்டி குறைக்கச் சொல்லுங்கள். நீண்ட காலம் சைவமாக இருந்து மெட்ஃபோர்மினும் எடுப்பவருக்கு பி12 குறையும். காலில் வரும் மரமரப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கால். கோலாலம்பூரில் ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து ரதம் பத்துமலை போகும் தூரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், அதன்பின் 272 படி. பினாங்கில் தண்ணீர்மலை உச்சிக் கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி. எல்லாம் வெறுங்காலோடு, தார் ரோட்டில், உடைந்த தேங்காய் ஓட்டின் மேல். உணர்வு இல்லாத காலில் ஓடு ஏறினாலும் தெரியாது, வெயிலில் தோல் வெந்தாலும் தெரியாது. மூன்றாம் நாள் வேட்டியில் சீழ் பட்டபோதுதான் தெரிய வரும்.

எனவே ஜனவரி தொடக்கத்திலேயே 10 கிராம் மோனோஃபிலமென்ட்டால் இரு பாதத்தையும் சோதியுங்கள். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை வளையும்வரை ஒரு விநாடி அழுத்தி, எங்கே தொட்டேன் என்று கேட்க வேண்டும். காய்ப்பு ஏறிய இடத்தின் மேல் அழுத்தாதீர்கள், அங்கே யாருக்குமே சரியாகத் தெரியாது. ஓரிடத்தில் தெரியவில்லை என்றாலும் அவர் ஆபத்துப் பட்டியலில். கூடவே பாதத்தின் நாடியைத் தொட்டுப் பாருங்கள்.

"போகாதீங்க" என்று சொன்னால் உங்களிடம் சொல்லாமல் போவார். நேர்த்திக்கடன் அவருக்கும் முருகனுக்கும் இடையிலானது. எதை ஏற்பார் என்று அவரிடமே கேளுங்கள். தடித்த பருத்திக் காலுறைக்குப் பலர் ஒத்துக்கொள்வார்கள். ரதத்தோடு முழுத் தூரமும் நடக்காமல் அடிவாரத்திலிருந்து ஏறுவதற்குச் சிலர் சம்மதிப்பார்கள். பகல் பன்னிரண்டுக்குப் பதிலாக விடியலுக்கு முன் போவதற்கு ஏறக்குறைய எல்லோரும் சம்மதிப்பார்கள், கூட்டமும் வெயிலும் குறைவு. வீட்டுக்கு வந்ததும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. மஞ்சளையும் காப்பித்தூளையும் புண்ணில் அப்பக் கூடாது. சின்னக் கொப்புளமாக இருந்தாலும் அன்றே கிளினிக்குக்கு வரட்டும், பதிவில்லாமலே பார்க்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வராமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் திட்டு விழும் என்ற பயம்.

அலகு குத்துபவர் ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். தானாக நிறுத்திவிட்டுப் போகும் பழக்கம் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது கொடிய ஆபத்து. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

பாயான்_லெப்பாஸ்_நர்ஸ்:

மேற்பார்வையாளர் அறைக்குள் இருக்கக் கூடாது. சண்டை வேண்டாம், "பரிசோதனைக்கு நோயாளி மட்டும்" என்று எல்லோருக்கும் பொதுவான விதியாகக் கதவில் ஒட்டிவிடுங்கள். முதலாளி ஆளின் முன்னால் தொழிலாளி மயக்கம் வந்ததைச் சொல்ல மாட்டார், சொன்னால் வேலை போகும், ஊருக்கு அனுப்புவார்கள் என்று பயம். வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவச் சோதனையில் சிறுநீரில் சர்க்கரை பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நோயாளி தேர்ந்தெடுக்கும் ஒரு நண்பரைத் தொலைபேசியில் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எந்த நாட்டுக்காரரும் தலையாட்டுவார். இன்சுலின் பேனாவைக் கையில் கொடுத்து "நாளைக்கு வேலைக்குப் போகும்போது எப்படிப் போடுவீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். ஊசி போட்ட பிறகு பத்து விநாடி எண்ணாமல் உருவுகிறாரா, உள் மூடியைக் கழற்றாமலே குத்துகிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை ஷிஃப்ட் என்றால் "காலை, இரவு" என்ற வார்த்தையே கூடாது. "தூங்கி எழுந்து சாப்பிடும் முன்", "வேலை முடிந்து சாப்பிடும் முன்" என்று எழுதுங்கள். விடுதியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு குளிர்ப்பெட்டி, அதுவும் உறைநிலையில் ஓடும். உறைந்து உருகிய இன்சுலின் வீண். திறக்காதது 2 முதல் 8 பாகையில். திறந்தது 30 பாகைக்குக் கீழே பெரும்பாலும் நான்கு வாரம், பெட்டித் தாளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மண்பானைக்குள் வைக்கும் முறை வறண்ட ஊருக்கு நல்லது. பினாங்கின் ஈரக் காற்றில் தண்ணீர் ஆவியாவது குறைவு, அதிகம் குளிராது. ஒரு மாதத்துக்கு மட்டும் பேனா கொடுத்து, மீதியைக் கிளினிக்கிலேயே வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே பேனாவை நண்பர்கள் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஊசியை மாற்றினாலும் ரத்தம் பேனாக் குழலுக்குள் போகும் என்று படம் வரைந்து காட்டுங்கள்.

செலவு: தொழிலாளர்களின் ஸ்பிக்பா காப்புறுதி அரசு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு ஆண்டுக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, வெளிநோயாளி மருந்துக்கு இல்லை. யுஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் அமைப்பு) அட்டை உள்ளவருக்கு அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. அட்டையோ பெர்மிட்டோ இல்லாதவர் அரசு மருத்துவமனைக்குப் போகவே அஞ்சுவார், காரணம் சுகாதார அமைச்சின் 10/2001 சுற்றறிக்கை அத்தகையவரைப் பற்றி அதிகாரிகளிடம் தெரிவிக்கச் சொல்கிறது. அவருக்கு வெறும் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தால் பிரச்சினை தீராது. எங்கே போவார் என்று பேசி முடிவெடுத்த பிறகு அனுப்புங்கள்.

ஜெலுத்தோங்_மிஸ்ஸி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாத விஷயம் எங்கள் பட்டியலிலேயே இல்லை, உடனே சேர்க்கிறேன். இன்னும் இரண்டு. இன்சுலின் பன்றியிலிருந்தா என்று ஒரு பக்கமும் மாட்டிலிருந்தா என்று இன்னொரு பக்கமும் கேட்கிறார்கள். நாட்டு மருந்துக் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

லெபோ_பசார்_மருந்துக்கடை:

இன்று இங்கே வழக்கமாகக் கொடுக்கும் இன்சுலின் ஈஸ்டிலோ நுண்ணுயிரிலோ தயாராவது, விலங்கின் கணையத்திலிருந்து எடுப்பதில்லை. அதை அப்படியே சொல்லலாம். கேப்சூல் உறை வேறு கதை. ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரலாம், யார் கேட்டாலும் மாத்திரை வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். தாங்களாகவே கேப்சூலைப் பிரித்துக் கொட்டிச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள், மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

நாட்டு மருந்து: "வேற மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், அது அவர்களுக்கு மருந்தே அல்ல, சாப்பாடு. பெயர் சொல்லிக் கேளுங்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் தூள், ஜின்செங், மலாய்ப் பாரம்பரிய மருந்தான மாஜூன், ஜாமு. மேசைமேல் ஒரு படத்தாளை வைத்தால் சீன ஆன்ட்டிகள் விரலால் காட்டிவிடுவார்கள். சமையலில் போடும் அளவுக்குக் கவலை வேண்டாம். தினமும் ஒரு கிளாஸ் பாகற்காய்ச் சாறும் கிளிக்லசைட்டும் சேர்ந்தால் சர்க்கரை அதிகம் இறங்கலாம். இரண்டு வாரம் மீட்டரில் பார்த்துக் குறித்து வரச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் எடுப்பவர் தான்ஷென், தாங்குவேய் என்ற சீன மூலிகைச் சூப் குடிப்பது வேறு விஷயம், ரத்தப்போக்கு ஆபத்து. சீனப் புத்தாண்டுக்கு முன் தனியாகக் கேளுங்கள்.

உண்மையான பயம் பெயரில்லாத உருண்டைகள்தான். "மூணு நாள்ல மூட்டுவலி போச்சு, பசியும் நல்லா எடுக்குது" என்பவரின் முகம் வட்டமாகி, சர்க்கரை காரணமில்லாமல் 18க்கு ஏறியிருந்தால் உள்ளே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் சாப்பிட்டவரிடம் "இப்பவே தூக்கி எறிங்க" என்று சொல்லிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து வாந்தி, மயக்கம் வரும். பாட்டிலோடு டாக்டரிடம் அனுப்புங்கள், படிப்படியாகக் குறைப்பார். பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் டி (T) எழுத்தும் இருக்கும், ஹோலோகிராம் ஒட்டு இருக்கும். போலி எண்ணும் அச்சடிக்கிறார்கள், தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத் தேடலில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

செந்தூல்_மருந்தாளர்:

தாளைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. பேசும் மொழியைப் பார்த்துத் தாளைக் கொடுக்காதீர்கள், எந்த எழுத்து வாசிப்பீர்கள் என்று கேளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பாட்டி தமிழில் வாசிப்பார். தேசியப் பள்ளியில் படித்த அவர் மகன் தமிழ் பேசுவார், ஆனால் மலாய்த் தாளைத்தான் எடுத்துக்கொள்வார். ஹொக்கியன் பேசும் பெரியவர்களில் எந்த எழுத்தும் வாசிக்காதவர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சூரியன், பிறை, தட்டு, மாத்திரையின் உண்மையான நிறம், அவ்வளவு போதும். மாத்திரையையே செலோடேப்பால் தாளில் ஒட்டிக்கொடுங்கள். மருந்து நிறுவனம் மாறினால் நிறமும் மாறும், அந்த மாதம் தாளையும் மாற்ற வேண்டும்.